இரண்டாம் வரிசையில் ஒரு கார்

பரீட்சையில் மூன்றாம் கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தபோதுதான், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு வந்துவிட்டோமோ என்ற சந்தேகம் ஷாஹிந்தாவுக்கு வந்தது. பேனா நின்றது.

கெய்ரோவில் ஓரத்தில் இடமில்லையென்றால், நிற்கிற காரை மறித்து இரண்டாம் வரிசையில் நிறுத்தலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் பிரேக்கை விடுவித்து நியூட்ரலில் விட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர் மறிக்கும் வண்டியைக் கையால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். இது அவளுக்கும் தெரியும். தெரிந்தது மூளைக்கு, வலது கை பழகியதோ அவள் வீடிருக்கும் பாலைவன ஓரத்துப் புதுநகரில், தெருவுக்கு நாலு கார் நிற்கிற இடத்தில். அங்கே அப்பா ஒவ்வொரு முறையும், "இழுத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

கார் கைக்கு வந்து மாதம்கூட ஆகவில்லை. காலையில் கண் விழித்ததும் தண்ணீர், ஆயில் பார்ப்பாள். இன்ஷூரன்ஸ் காகிதம் பையில் இருக்கிறதா, தீயணைப்புக் குப்பி சீட்டுக்கடியில் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். அதற்கு முன் பால் வாங்கக்கூட வீட்டில் அவளை நம்பி அனுப்பியதில்லை.

அன்று காலையில் கல்லூரிச் சந்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்தும் ஷஹாத்தா அவள் ஜன்னலில் குனிந்தான். "டாக்டரம்மா, இந்த நீலக் காரு வஜீஹ் சாரோடது. மத்தியானம் சம்சாரத்த டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவாரு. வண்டிய லூஸா விட்டுட்டுப் போ, என்ன?"

அவள் படிப்பது வணிகவியல். அந்தச் சந்தில் எல்லோரும் டாக்டர்கள்தான். "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தாள். அப்போது கை என்ன செய்தது?

வெளியே ஒரு ஹார்ன் நீளமாகக் கத்தியது. அடுத்து இன்னொன்று. ஊரில் ஹார்னுக்கா பஞ்சம்? இருந்தும் ஒவ்வொன்றும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோலிருந்தது. நீலக் காரின் பின்சீட்டில் மடியில் பையுடன் காத்திருக்கும் ஒரு பெண்ணை, பார்த்தேயிராத ஒரு முகத்தை, அவள் மனம் தானே வரைந்துகொண்டது. பரீட்சைக்கு முன் வாங்கி வைத்த போனும் மேற்பார்வையாளரின் மேசையில் கிடந்தது. அவள் எழுந்தாள்.

"மேடம், வெளிய போகணும்."

"தாளக் குடுத்துட்டுப் போ. திரும்ப உள்ள வர முடியாது, தெரியும்ல?" மேற்பார்வையாளர் தாளைப் புரட்டினார். "ரெண்டு கேள்வி அப்படியே கெடக்கு. போன வருஷம் தோத்த பேப்பர்தானே இது? இந்தத் தடவையும் போச்சுன்னா வருஷமே போச்சுடி பொண்ணே."

"தெரியும் மேடம்."

படிகளில் இறங்கும்போது எழுதாமல் விட்ட விடைகளெல்லாம் பின்னால் இழுத்தன. நிற்கவில்லை.

சந்தில் நீலக் கார் இல்லை. அவள் கார் முன்சக்கரங்கள் இரண்டும் நடைபாதையில் ஏறி, மூக்கு வானத்தைப் பார்க்க நின்றது.

"வந்துட்டாங்கய்யா நங்கூரம் போட்ட கேப்டன்!" ஷஹாத்தா கையைத் தட்டினான். "காஃபிக்கடையில தாயம் உருட்டிட்டிருந்தவனுங்க மொத்தப் பேரையும் எழுப்பிட்டு வந்தேன். எருமைய லாரியில ஏத்துற மாதிரி தூக்கினோம்."

"அவங்க?"

"அப்பவே போய்ட்டாங்க. பின்பம்பர்தான் என் கையோட வந்துடுச்சு, அந்தா சாத்தி வச்சிருக்கேன். சரி, நீ போய்ப் பரீட்ச எழுது போ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாளைத்தான் கொடுத்துவிட்டு வந்தாயிற்றே.

பம்பரைப் பின்சீட்டில் திணித்தாள். வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதற்குள் அவள் காரை மறித்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். இவ்வளவு இலேசாகவா போகும்? சந்தின் சரிவில் அது தானாக உருள ஆரம்பித்ததும், முன்னால் ஓடி இரு கைகளையும் பானட்டில் ஊன்றி நிறுத்தினாள்.

"விட்டுடாத டாக்டரம்மா! கல்லு எடுத்துட்டு வரேன்!" என்று ஷஹாத்தா ஓடினான்.

கல்லூரி வாசல் திறந்தது. ஐந்தாம் கேள்விக்கு விடை இதுவா அதுவா என்று சண்டையிட்டபடி வகுப்புத் தோழிகள் அவளைக் கடந்து போனார்கள். கைகளை எடுக்க முடியவில்லை. யாருடையதென்று தெரியாத அந்தக் காரின் சூடு உள்ளங்கைகளில் ஏறிக்கொண்டிருந்தது. பாதங்கள் புழுதியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு வழுக்கின.