பி பிளாக்கின் ஐந்து நட்சத்திரம்

வேதாவின் கட்டடத்துக்கு ஐந்து நட்சத்திரம் என்ற செய்தி வந்த நாளிலிருந்து ஸ்டெல்லாவுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஹைதராபாத் கச்சிபௌலியில் ஒரே வளாகம், ஒரே முதலாளி, அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு எட்டு மாடிக் கட்டடங்கள். ஏ பிளாக்கைப் பராமரிப்பவள் ஸ்டெல்லா, பி பிளாக்கை வேதா. வருடம் முழுக்க ஓடிய மின்சாரத்தைக் கட்டடத்தின் பரப்பால் வகுத்து, எவ்வளவு குறைவோ அவ்வளவு நட்சத்திரம் என்று சான்றிதழ் தருகிறார்கள். ஸ்டெல்லாவுக்கு மூன்றே மூன்று.

அந்த மூன்றுக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா! கழிப்பறை விளக்குகூட ஆள் வந்தால் எரியும், போனால் அணையும். ஏசியை இருபத்து நான்குக்குக் கீழே இறக்கியவர்களோடு மாடி மாடியாகப் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். நாகர்கோவிலிலிருந்து இங்கே வந்து பதினாறு வருட அனுபவம் அவளுக்கு. இதே ஊர்க் குஷாய்குடாவில் பிறந்து வளர்ந்த வேதா வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் பி பிளாக் வாசலில் ஐந்து நட்சத்திரப் பித்தளைத் தகடு ஏறிவிட்டது. போதாததற்கு, இரண்டு பிளாக்குக்கும் சேர்த்து ஒரே தலைமைப் பொறுப்பு யாருக்கு என்று பொது மேலாளர் சுதர்சன் வெள்ளிக்கிழமை சொல்லப் போகிறார்.

புதன்கிழமை மதியம் வேதா டிபன் பாக்ஸோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, டென்ஷன் நக்கோ, வேணவே வேணாம். பில்டிங்க டெய்லி ஒரு ரவுண்டு பாத்தாலே கரெண்ட் கொறையும். வேணும்னா நான் வந்து உங்க பிளாக்க ஒரு தடவ பாக்கட்டுமா?"

"அதுக்கென்ன, பாரேன்" என்று ஸ்டெல்லா சிரித்து வைத்தாள். அதன் பிறகு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

இவள் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறாள். இல்லாவிட்டால் ஐந்து எப்படி வரும்? அதைக் கண்டுபிடித்தே தீருவதென்று, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தன் பிளாக்கின் அடித்தளத்துக் குழாய் அறைக்குள் நுழைந்தாள். சில்லர் இயந்திரம் குளிர வைக்கும் தண்ணீர்தான் குழாய் வழியாக மாடிகளுக்குப் போய் ஏசியை நடத்துகிறது. ஏ பிளாக்குக்கு ஒரு சில்லர், பி பிளாக்குக்கு ஒரு சில்லர். இரண்டையும் இணைத்து ஒரு குழாய் உண்டு. அவசரத்துக்கு மட்டும்தான் அதைத் திறப்பார்கள்.

அந்த இணைப்புக் குழாய் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. அவளுடைய சில்லர் குளிர வைத்த தண்ணீர் பி பிளாக்குக்குப் போய்க்கொண்டிருந்தது, அந்த மின்சாரமெல்லாம் அவளுடைய மீட்டரில் ஏறிக்கொண்டிருந்தது.

"திருட்டுக் கழுத, வசமா மாட்டுன" என்றாள் ஸ்டெல்லா, வாய்விட்டே. வருடக்கணக்கில் இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. புகைப்படம் எடுக்கப் போனை நீட்டியபோதுதான் வால்வில் தொங்கிய சிவப்பு அட்டை கண்ணில் பட்டது. திருப்பினாள்.

'பி பிளாக் சில்லர் பழுது. தற்காலிகமாகத் திறந்தது: ஸ்டெல்லா.' போன வருடம் மே மாதத் தேதி.

அவள் கையெழுத்தேதான். அந்த மே மாத வெயிலில் வேதா ஓடி வந்து கெஞ்சியதும், இவள் பெருந்தன்மையாகத் திறந்துவிட்டதும் ஞாபகம் வந்தது. பத்து நாளில் பி பிளாக் சில்லர் சரியாகிவிட்டது. இவள் மூடத்தான் மறந்துபோனாள். அட்டை மாட்டியவரைத் தவிர வேறு யாரும் வால்வைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். பம்ப் ஆபரேட்டர் ஜம்புநாதன் தினம் இரண்டு வேளை அதைக் கடந்து போயும் ஒரு வருடம் இரண்டு மாதம் தொடாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். சட்டம் போட்டவள் யார்? இதே ஸ்டெல்லாதான்.

வால்வை மூடி, அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தகடு அங்கேயே இருக்கும். காலையும் மாலையும் அவள் அதைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். அதை நினைக்க நினைக்க அவளால் தாங்கவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சுதர்சனின் மேசையில் அட்டையைக் கொண்டுபோய் வைத்தாள். நேர்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறாமைதான், வேறொன்றுமில்லை.

அங்கே இருந்த வேதாவுக்கு முகம் செத்துப்போனது. "சத்தியமா எனக்குத் தெரியாது சார். என் வேலைனாலதான் கொறஞ்சுதுன்னு நெனச்சேன்."

சுதர்சன் கணக்கைத் திரும்பப் போட்டார். பி பிளாக்குக்கு மூன்று, ஏ பிளாக்குக்கு நான்கு. உள்ளபடியே எழுதி அனுப்பித் திருத்தக் கேட்போம் என்றார். ஸ்டெல்லாவுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. அவர் அட்டையை எடுத்துத் தேதியை இன்னொரு முறை படித்தார்.

"பதினாலு மாசம் ஸ்டெல்லா. ஒரு தடவகூடவா கீழ எறங்கிப் பாக்கல?"



சாயங்காலம் பி பிளாக் வாசலில் ஏணி போட்டுத் தகட்டைக் கழற்றினார்கள். கடைசித் திருகு வரும்வரை ஸ்டெல்லா நின்று கண் நிறையப் பார்த்தாள். பக்கத்தில் வேதா வந்து நின்றாள். அழுதிருந்தாள், குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"அக்கா, ரெண்டு பிளாக்கும் இனிமே என் பொறுப்புன்னு சார் மெயில் போட்டுட்டார். திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு உங்க பிளாக் குழாய் ரூம்ல ஆரம்பிக்கலாம். சாவி கொண்டு வந்துடுங்க."