தெருவின் முதல் போணி

இன்று காலை என் தம்பி சிவஞானம் ஐந்து கிலோ படிக்கல்லாகிவிட்டான். கடையில் தராசுக்குப் பக்கத்தில் இருந்தான். வைத்தியரை அழைத்துக் காட்டினோம். அவர் கவிழ்த்துப் பார்த்தார். இந்த ஆண்டு முத்திரை சரியாகவே குத்தியிருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி மனைவி அழவில்லை. கல்லை முந்தானையால் துடைத்து வைத்தாள்.

"இனிமே வியாபாரத்த நீங்கதான் பாக்கணும் பெரியத்தான்," என்றாள்.

"இத்தன வருசமும் நான் என்ன செஞ்சேன்?"

"உக்காந்திருந்திய."

உண்மைதான். எங்கள் குடும்பத்தில் மூத்தவன் உட்காருவான். கடைக்கு முகம் வேண்டும். முகம் எழுந்து நடமாடக் கூடாது.

எங்களுடையது இரும்புக் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிறோம். தெருவில் முதலில் வந்த கடை இதுதான். அதனால் எங்களுக்குப் போணி ஆன பிறகே மற்றக் கடைகளில் முதல் விற்பனை நடக்கும். இது என் தாத்தாவுக்குத் தெரு கொடுத்த மரியாதை. வேறு யாருக்கும் கிடையாது. எங்கள் போணி ஆகும் வரை சூரியனும் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறாது.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வியாபாரம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஒரு பெண் வந்தாள். கீல் இருக்கிறதா என்று கேட்டாள். யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தேன். வாசற்கதவுக்குக் கீல் வேண்டும் என்றாள். அப்பா பெயரைக் கேட்டேன். சொன்னாள். கேள்விப்படாத பெயர். இருந்தாலும் பெருந்தன்மையாகக் கீலைத் தேடி உள்ளே போனேன்.

கடை நீண்டது. ஆணிகள் இருந்த இடத்தைத் தாண்டினேன். சங்கிலிகள் வந்தன. அதன் பிறகு மாட்டு லாடங்கள். அதன் பிறகு ஒரு சிறிய ரயில் நிலையம். அங்கே நின்றிருந்தவரிடம் கீல் எங்கே என்று கேட்டேன். அதெல்லாம் சிவஞானத்துக்குத்தான் தெரியும் என்றார். திரும்பி வந்தேன். அவள் போய்விட்டாள்.

அடுத்து ஒரு கொத்தனார் வந்தார். அரைக் கிலோ ஆணி கேட்டார். கடையில் இருந்த ஒரே படிக்கல் என் தம்பி. ஐந்து கிலோ வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"நான் கட்டுற வீடே அஞ்சு கிலோ தேறாது அண்ணாச்சி," என்றார் அவர்.

அவரும் போனார். சூரியன் தொட்டி உயரத்திலேயே நின்றது.

தெரு மெல்லச் சிரமப்படத் தொடங்கியது. ஓட்டலில் இன்னும் இட்லிதான் வெந்துகொண்டிருந்தது. சோறு வேகவில்லை. பள்ளிக்குப் போன பிள்ளைகள் இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள். கோயிலில் உச்சிகாலப் பூசைக்கு மணியைத் தூக்கிய குருக்கள் தூக்கியபடியே நின்றார்.

எதிர்த்த கடைப் பால்துரை வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கும் இரும்புக் கடைதான். அவன் அப்பா எங்கள் கடையில் மூட்டை தூக்கியவர். அதை நான் அவனுக்கு நினைவுபடுத்தத் தவறியதில்லை.

"அண்ணாச்சி, ஒரு ஆணியாவது வித்திருங்க. தெருவுக்கே பசிக்கி."

விற்பதற்கு நான் தயார், வாங்குகிறவர்களுக்குத்தான் தகுதி போதவில்லை என்றேன்.

"ரோட்டுல போறவங்கள வாங்கன்னு ஒரு வார்த்த கூப்பிடுங்களேன்."

"அந்த வார்த்தைய எங்க வீட்ல சிவஞானம்தான் சொல்லுவான்."

"அவரு எங்க?"

கல்லைக் காட்டினேன். பால்துரை அதற்கு ஒரு வணக்கம் வைத்தான். பிறகு தயங்கித் தயங்கி, தானே ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். மூட்டை தூக்கியவர் மகன் கையால் எங்களுக்குப் போணியா என்று கேட்டேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கடைக்குப் போனான்.

எனக்கும் பசித்தது. அதை வெளியே காட்டவில்லை. ஆனால் இன்று போணி ஆகாவிட்டால் தெரு அந்த மரியாதையை வேறு கடைக்குக் கொடுத்துவிடும். தாத்தா வாங்கியது என் காலத்தில் போகக் கூடாது.

யோசித்ததில் வழி தெரிந்தது. எங்கள் கடையில் போணி செய்யத் தகுதியான குடும்பம் ஒன்று இருக்கிறது. அது எங்கள் குடும்பம்.

துண்டை உதறித் தோளில் போட்டேன். படி இறங்கினேன். வாடிக்கையாளர் என்றால் வெளியிலிருந்து வர வேண்டும். ஆகவே தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன்.

நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த நாற்காலியை நாங்கள் காலியாக விடும் வழக்கம் இல்லை. அவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இருமினேன். பக்கத்தைப் புரட்டினார்.

"தாழ்ப்பா வேணும்," என்றேன்.

"நீரு யாரு வீட்டுப் பிள்ள?"

அப்பா பெயரைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த வீட்டு ஆளுக கடைக்கு நடந்து வர மாட்டாவளே. சொல்லி அனுப்புவாவ."

"வெல என்ன?"

"வெல கேட்டு வாங்குறவங்களுக்கு எதிர்த்த கட இருக்கு."

நல்ல பதில். நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்குச் சொல்லும் பதில் அல்ல அது. வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கையிலிருந்த பணத்தை அவர் முன்னால் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. நான் குனிந்து மேசையில் வைக்கவில்லை. தெரு முழுவதும் எங்கள் இருவரையும் பார்த்தது. ஓட்டல்காரர் வைத்துவிடும்படி என்னிடம் கெஞ்சினார். எடுத்துக்கொள்ளும்படி அவரிடம் கெஞ்சினார். இரண்டு பேருமே அவரை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டோம்.

அப்பா பெயரைச் சொன்ன பிறகும் உட்காரச் சொல்லாத கடையில் எங்கள் குடும்பத்தார் நிற்பதில்லை. நான் தெருவைக் கடந்தேன்.

பால்துரை எழுந்து நின்றான். துண்டால் முக்காலியைத் தட்டிப் போட்டான்.

"வாங்க அண்ணாச்சி. என்ன வேணும்?"

நான் தாழ்ப்பாள் கேட்டேன். அவன் எடுத்து வைத்தான். பணத்தைக் கொடுத்தேன். அவன் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

சூரியன் தொட்டியைவிட்டு உச்சிக்குத் தாவியது. குருக்கள் மணியை அடித்தார். ஓட்டலில் இலை போட்டார்கள். ஆட்கள் ஓடினார்கள். போகிற போக்கில் ஒவ்வொருவரும் பால்துரையைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டுப் போனார்கள். அப்படித்தான் ஒரு காலத்தில் என் தாத்தாவைப் பார்த்துக் குனிந்திருப்பார்கள்.

பால்துரை பணத்தைக் கல்லாவில் போட்டான். அவனுக்கு விளங்கியிருந்தது. எனக்கும் விளங்கியது.

"சாப்பிட்டுப் போங்க அண்ணாச்சி," என்றான் கடைசியில்.

அவன் கடைத் திண்ணையில் இலை முன்னால் உட்கார்ந்தேன். எதிரே எங்கள் கடை தெரிந்தது. தெருவெங்கும் நடுப்பகல். அங்கே மட்டும் இளவெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, யாரும் வராத வாசலைப் பார்த்து, முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். சோற்றின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

எங்கள் குடும்பத்தில் ஒருவராவது அப்படி இருக்க வேண்டும். நான் சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.