ஆறு மணி மாத்திரை

கூடத்தில் கிடத்தியிருந்த அக்காவின் கால்மாட்டில் நின்றிருந்தவன் இருமலை விழுங்கப் பார்த்தான். முடியவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து கரகரவென்று வந்துவிட்டது.

அழுதுகொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினாள். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் அவனை மட்டும் பார்த்தாள். இருபத்தொன்பது வருடம் பிள்ளைகளின் முதுகைத் தட்டித் தட்டிச் சளி எடுத்தவள். அது எந்த இருமல் என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நோய். பிறவியிலேயே உடம்பில் ஒரு புரதம் கோணலாக மடிந்துபோக, சளி கோந்து மாதிரி இறுகி நுரையீரலை அடைக்கும். அந்தக் கோணலைச் சரிசெய்யும் மாத்திரை போன வருடம் கிடைத்தது. இருவரும் ஒரே நாளில் ஆரம்பித்தார்கள். அவனுக்கு மூன்றே நாளில் மூச்சு திறந்தது. அக்காவுக்குக் கல்லீரல் தாங்கவில்லை, டாக்டர் நிறுத்திவிட்டார்.

"எனக்கும் சேத்து நீயே முழுங்குடா, தடிமாடு" என்று அக்கா சிரித்தாள். அதன்பின் அவனுக்கு நேரம் பார்ப்பது அவள் வேலையானது. கொழுப்போடு தின்றால்தான் மாத்திரை உடம்பில் சேரும் என்பதால், அவன் வெண்ணெய் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள்.

நாலு நாளைக்கு முன் ஆஸ்பத்திரியில் அவளுக்குச் செயற்கை மூச்சு வைத்தார்கள். இன்று காலை போய்விட்டாள். அந்த நாலு நாளும் அவன் ஒரு மாத்திரையும் விழுங்கவில்லை. அவளுக்கு உதவாதது தனக்கு மட்டும் எதற்கு என்ற கோபம். எல்லாம் சட்டைப் பையில் கிடந்தன.

"வண்டி வந்தாச்சு. தூக்கலாமா?" என்றார் மாமா.

அலமாரியின் மேலிருந்த அக்காவின் போனில் அலாரம் அலறியது. மாலை ஆறு மணி.

"ஐயோ, யாராவது அத நிறுத்துங்களேன்!" என்று பெரியம்மா பதறினாள்.

அம்மா எழுந்து போய் எடுத்தாள். திரையில் அக்கா எழுதி வைத்திருந்தது: 'தம்பி மாத்திரை. முழுங்கினானான்னு வாயத் தொறந்து காட்டச் சொல்லு. கள்ளப்பய.'

அம்மா நேரே வந்து அவன் சட்டைப் பையில் கைவிட்டாள். உள்ளங்கையில் வந்த மாத்திரைகளை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.

"எத்தன நாளா?"

"நாலு."

"உன்னையும் வாரிக் குடுக்கணுமாடா நான்?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா சமையலறைக்குப் போய் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு வந்தாள்.

"இந்த நேரத்துலயா?" என்றார் மாமா.

"வண்டி நிக்கட்டும்."

அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே மென்றான். அழுகை முட்டியது, அதையும் சேர்த்து விழுங்கினான். பிறகு ஒரு மாத்திரை. தண்ணீர்.

"வாயத் தொற."

திறந்தான். அம்மா எட்டிப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு போனை அவனிடம் நீட்டினாள்.

நிறுத்துவதா, பத்து நிமிடம் தள்ளி வைப்பதா என்று திரை கேட்டது. வாசலில் வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவன் தள்ளி வைத்தான்.