நீளக் கண்ணாடி

மூன்றாவது கண்ணாடியும் உடைந்து கிடந்தது. கொத்தனார் வெடிப்பின் ஓரம் குந்தி உட்கார்ந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி சிமெண்டுப் பை காகிதத்தில் சுற்றினார். மலைச்சரிவில், ஊருக்கு நேர் மேலே, நிலநடுக்கம் கிழித்துவிட்டுப் போன வெடிப்பு அது. அன்று பூமி ஆடியது ஒரே நிமிடம்தான். கீழே நாலு ஓடு விழுந்தது, இரண்டு சுவர் சாய்ந்தது, அதோடு சரி. ஆனால் மலை மட்டும் மேலே பிளந்துகொண்டது. அப்படியே நிற்குமா, இல்லை முதல் பெருமழைக்கே கழன்று நாற்பது வீட்டின் தலையில் இறங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை.

சுவர் வெடிப்புக்குக் கொத்தனார்கள் செய்கிற சோதனையையே மலைக்கும் செய்யலாம் என்று பொதுப்பணித்துறை அலுவலகத்தில் முடிவு செய்தார்கள். இரண்டு கரையிலும் கலவை வைத்து, குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைப் பதிக்க வேண்டும். மண் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நகராவிட்டால் முழுசாக இருக்கும். தினமும் காலையில் போய்ப் பார்த்துச் சொல்ல இவரைப் பிடித்தார்கள். ஊரில் இவருக்கு, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்று பட்டப்பெயர். அரை நூல் கோணலைக்கூட விடமாட்டார், கட்டின சுவரை ஒரு முறை தாமே இடித்துவிட்டு மறுபடி கட்டியவர். அவர் சொன்னதைத்தான் மலையடிவாரப் பலகையில் தினமும் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள்: ‘கண்ணாடி நலம்’. அதைப் படித்துவிட்டுத்தான் ஜனங்கள் நிவாரணக் கொட்டகையிலிருந்து வீடு திரும்பினார்கள்.

முதல் கண்ணாடி உடைந்தபோது, “ஆடு மிதிச்சிருக்கும்” என்றார் அலுவலகத்து ஓவர்சியர். இரண்டாவது உடைந்தபோது வெயிலின் மேல் பழியைப் போட்டார். இரண்டு முறையும் கொத்தனார் தலையாட்டிவிட்டுப் புதுசு பதித்தார். நம்பினாரா என்றால், எங்கே நம்பினார்! நம்புவது சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஓவர்சியர் மூச்சிரைக்க ஏறி வந்தார். பிஸ்கட் பாக்கெட் ஒரு கையில், புதுக் கண்ணாடி மறு கையில். உடையும் என்று தெரிந்தே கொண்டு வந்திருக்கிறான் மனுஷன்!

“ஆடும் இல்ல, வெயிலும் இல்லங்க. மலை நகருது,” என்றார் கொத்தனார்.

“மெதுவா பேசுங்க. உடைஞ்சுதுன்னு எழுதினா நாப்பது வீட்டையும் காலி பண்ணணும். எங்க கொண்டு போய் வைக்கிறது, உங்க வீட்டுலயா? கொட்டகையையும் பிரிச்சாச்சு. கலெக்டர் வேற, மலை அசையலைன்னு பேட்டி குடுத்துட்டார். நாளைக்கு அவரே பார்க்க வர்றார். கீழ பலகையில நலம்னு எழுதிட்டுத்தான் வர்றேன். சட்டுனு பதிச்சிடுங்க.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்வி. இவர்கள் மலையையே மறைக்கிறார்கள். கொத்தனாருக்கு வாய்வரை வசவு வந்தது. ஆனால் கை, பழக்கத்தில், கண்ணாடியை வாங்கி வெடிப்பின் குறுக்கே வைத்துப் பார்த்தது. அக்கரையைத் தொடவில்லை.

“இது எட்டாதுங்க. ஒரு சாணாவது நீளமா வேணும்.”

சொன்னது அவரேதான். ஜன்னலுக்கு அளவு சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

“பார்த்தீங்களா, அதான் தொழில்காரன்!” ஓவர்சியருக்கு வாயெல்லாம் பல். “சாயங்காலமே வெட்டி அனுப்பறேன்.” மிச்ச பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு, காலிக் காகிதத்தைக் கசக்கி வெடிப்புக்குள் எறிந்தார். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. அவர் விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கொத்தனாருக்கு அந்த ஆளைவிடத் தன் வாய்தான் அதிகம் நாறுவதாக இருந்தது. ஒரு சாண் நீளமா வேணுமாம்! தூ! மலை ஒரு சாண் விலகியிருக்கிறது, கீழே மகள் இருக்கிறாள், நாலு மாதக் குழந்தை இருக்கிறது, இவர் அளவு சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கேயே காறித் துப்பினார். நாற்றம் போகவில்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மகள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக இறங்கினார்.

சம்பந்தி வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். “வாங்க சம்பந்தி, வாங்க! மலைக்கு டாக்டரே வந்துட்டார். உங்க நோயாளி சௌக்கியமா?”

“எல்லாரும் கிளம்புங்க. இப்பவே.”

“எதுக்கு? பலகையில நலம்னு போட்டிருக்கே. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்.”

கொத்தனார் உள்ளே போய், பையைத் தரையில் கவிழ்த்தார். மூன்று காகிதப் பொட்டலங்கள் விழுந்தன. மிதிபடும் இடத்தில் கண்ணாடி கிடக்கக்கூடாது என்று அவர் ஒன்றையும் மலையில் விட்டுவிட்டு வந்ததில்லை. ஒவ்வொரு கண்ணாடியிலும் பதித்த தேதியும் உடைந்த தேதியும் சிவப்புப் பெயிண்டில் இருந்தன. அது தொழில் முறை. யாரும் கேட்காவிட்டாலும் எழுதிவிடுவார்.

மகள் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வந்து குனிந்தாள். இரண்டாவது பொட்டலத்தின் துண்டுகளைச் சேர்த்துவைத்துப் படித்தாள்.

“அப்பா, இது உடைஞ்சது நாங்க கொட்டகையிலிருந்து திரும்பின நாளு.”

“ஆமாம்மா.”

“அன்னைக்குப் பலகையில நலம்னு இருந்துதே. இவங்கெல்லாம் இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்னாங்க. எங்கப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான்தானே கூட்டிட்டு வந்தேன்.”

அவர் வாயைத் திறந்தார். ஆடு, வெயில், ஓவர்சியர், எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. எதைச் சொல்லவும் கூசியது.

சம்பந்தி செய்தித்தாளை மடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவரிடம் இப்போது கேலி இல்லை. மகள் எழுந்து நாலு துணியைச் சுருட்டினாள், தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்தாள். “குடும்மா, நான் தூக்கிக்கறேன்,” என்று கொத்தனார் கையை நீட்டினார். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“மத்த வீட்டுக்கெல்லாம் யாரு சொல்லுவா?” என்று கேட்டாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

கொத்தனார் துண்டுகளை வெறுங்கையால் வாரிப் பையில் போட்டார். கட்டைவிரல் கிழிந்தது. வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது, மலையுச்சி மேகத்துக்குள் போயிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். மாவு ஒட்டிய கையோடு அந்த வீட்டுப் பெண் வந்து திறந்தாள், அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

“வாங்கண்ணே! மழை வர்ற மாதிரி இருக்கேன்னு இப்பத்தான் பயந்துக்கிட்டிருந்தேன். கண்ணாடி நல்லா இருக்குல்ல?”

ரத்தம் ஒழுகும் கையோடு பையைத் திறந்து அவளிடம் நீட்டினார்.