மூக்கில் வழிந்த பால்

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். யாரும் வந்து வாங்காத துணிகள் கிடந்த கூடையில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. மற்ற குட்டிகளை நக்கி நக்கி வளர்த்த தாய், ஒன்றை மட்டும் காலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுத்து, விரலில் பாலைத் தொட்டு வாயில் வைத்தாள். பால் மூக்கு வழியே நுரைத்துக்கொண்டு வந்தது.

மிருக டாக்டரம்மா குட்டியின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார்.

"மேலண்ணம் ஒட்டாமலே பிறந்திருக்கும்மா. இப்பவே ஊசி போட்டு முடிச்சுடலாம், வலியில்லாம போயிடும். இல்லேன்னா, குழாய் விட்டு நேரா வயித்துக்குப் பால் ஊத்தி வளர்க்கணும். பெரிசானதும் தைச்சுப் பார்க்கலாம். வாயால மட்டும் ஒரு சொட்டு குடுத்துடாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும்."

"வளர்க்கிறேன் டாக்டர்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க," என்று சொல்லிவிட்டு, குழாயை எவ்வளவு தூரம் இறக்குவது என்று செய்து காட்டினார்.

வீட்டில் நாத்தனார் இருந்தாள். வயிற்றுப்பிள்ளை கலைந்த பிறகு புருஷன் கொண்டுவந்து விட்டுப்போனவள். அதிலிருந்து யாரையாவது குத்தாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"அண்ணா, பார்த்தியா? இத்தனை வருஷம் கழிச்சு அண்ணிக்கு ஒரு பிள்ளை. அதுவும் அண்ணம் இல்லாம!"

கணவன் சிரித்தான். சிரித்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குட்டியைக் கடைக்கே எடுத்துப் போய், இஸ்திரி மேஜையடியில் கதகதப்பாக வைத்துக்கொண்டாள். அதற்குக் கண் திறந்தது. குழாயைக் கண்டாலே அவள் புறங்கையில் ஏறி முகர ஆரம்பித்தது. எடை போட்டுப் பார்த்த டாக்டரம்மாவே, "பரவாயில்லையே, தேறிடும் போலிருக்கே!" என்றார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஒருவரின் வெள்ளைச் சட்டையில் பூனை முடி ஒட்டிப் போய், முதலாளி மேஜையடியில் குனிந்து பார்த்தார்.

"நாளைலேர்ந்து இது வரக்கூடாது. வந்தா நீயும் வராதே."

செய்வதறியாமல் நின்றவளிடம் நாத்தனார் தானே கை நீட்டினாள். "குடுங்க அண்ணி, நான் பார்த்துக்கறேன். நானும் மனுஷிதானே?" குழாய் விடவும் சுத்தமாகக் கற்றுக்கொண்டாள். அன்று அவளைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்று இவள் வெட்கப்பட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரிகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தட்டு நிறையப் பால். நாத்தனார் குட்டியின் பிடரியைப் பிடித்துத் தட்டில் அமுக்கி அமுக்கி எடுத்தாள்.

"இதோ பாருங்க, மூக்கால கறக்குது!"

ஒருத்தி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடையிலிருந்து வந்தவள் குட்டியைப் பிடுங்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினாள். வழியெல்லாம் அதன் நெஞ்சு கொதிக்கிற நீர் மாதிரி களகளத்தது. ஆக்ஸிஜன் வைத்தும் நாக்கு நீலம் பாரித்துவிட்டது. டாக்டரம்மா ஊசியை எடுத்தார்.

"அன்னைக்கே போட்டிருந்தா இந்த அவஸ்தை பட்டிருக்காது. உங்க ஆசைக்கு இது அனுபவிச்சுது."

அவள் குட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டதும் அது சின்னதாகக் கொட்டாவி விட்டு அடங்கியது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணனும் தங்கையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"செத்துப்போச்சா?" என்றாள் நாத்தனார். "போகட்டும் விடுங்க. பசியோட போகலையே."

"ஒரு பூனைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றான் கணவன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு நாத்தனாருக்கு எதிரே உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"உன் பிள்ளை வயித்துலயே போனது நல்லதாப் போச்சு. பிறந்திருந்தா அதையும் இப்படித்தான் அமுக்கிப் பார்த்திருப்பே."

நாத்தனார் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளாய் அவள் அழுது யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டது.

"பேசற பேச்சா இது? போய் மன்னிப்புக் கேளு," என்று கணவன் பதறினான்.

அவள் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. நன்றாகப் பசித்தது. உள்ளேயிருந்து வந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே, இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.