சீட்டுக்கு முட்டு

எங்க வேன்ல டிரைவர் சீட்டோட சாய்மானம் நிக்காது. லாக் தேஞ்சுபோச்சு. போன லீவுல ஊருக்கு வந்திருந்தப்ப புது ஆத்துக் கரை மேல வண்டிய ஏத்துறேன், சீட்டு அப்படியே பின்னால படுத்துருச்சு. ஸ்டியரிங் கைய விட்டுப் போச்சு, காலு பிரேக்குக்கு எட்டல, கண்ணுக்கு வேன் கூரைதான் தெரிஞ்சுது. கரைக்கு அந்தப் பக்கம் ஆறு முட்டிக்கிட்டு ஓடுது. வண்டி எப்படி நின்னுச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியாது.

பழைய வண்டி, மாத்து சீட்டு எங்கயும் கிடைக்கல. பட்டறையில வெல்டு வச்சுக் குடுத்தாங்க, அதுவும் விட்டுருச்சு. கடைசியில ஒரு நெல்லு மூட்டையத் தூக்கி சீட்டுக்குப் பின்னால முட்டுக் குடுத்தேன். அசையாம நின்னுச்சு. இதை மட்டும் எடுத்துராதீங்கன்னு தம்பி பரிதிகிட்டயும் என் வீட்டுக்காரி செம்மொழிகிட்டயும் சொல்லிட்டுத்தான் மஸ்கட்டுக்குப் பிளேன் ஏறுனேன்.

இன்னிக்குக் குறுவை நெல்லக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனாங்க. திரும்பி வர்ற வழியில செம்மொழி போன் பண்ணுனா. ஈரம்னு ஒண்ணும் கழிக்கல, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாங்கன்னு ஒரே சந்தோஷம். அந்த முட்டு மூட்டையையும் ரெண்டு பேருமா சேத்துப் போட்டுட்டாங்களாம். வேன்லயே கெடந்தா மழை ஒழுகி உள்ளயே முளைச்சுப் போயிடும், விளைஞ்ச நெல்ல வீணாக்க மனசு வரலங்கிறா.

போனோட ரூம் வாசலுக்கு வந்துட்டேன்.

"அப்ப சீட்டுக்கு என்ன முட்டு?"

"நான்தான். பின்னால உக்காந்து ரெண்டு காலையும் சீட்டுல உதைச்சுக்கிட்டு வர்றேன். மூட்டைய விட அண்ணி கனம்னு தம்பி சிரிக்குதுங்க."

வண்டிய நிறுத்தச் சொன்னேன். இந்தா, கரை ஏறிட்டா வீடுன்னா. கரையில ஏத்தவே கூடாது, பரிதிகிட்ட போனக் குடுன்னேன்.

"ஓட்டுறப்ப போன் பேசாதன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க"ன்னு அவன் முன்னாலருந்து கத்துறான்.

அதுக்குள்ள இன்ஜின் சத்தம் மாறிருச்சு. ஏத்தத்துக்குக் கியர் போட்டுட்டான். நான் ரூம் வாசல்ல நின்னு செம்மொழி, செம்மொழின்னு கூப்பிடுறேன். தடார்னு ஒரு சத்தம். அவ கத்துனது ஒரு தடவ கேட்டுச்சு. அப்புறம் இன்ஜின் அமந்துபோச்சு. தண்ணிச் சத்தம் மட்டும் கேக்குது. மழையா ஆறான்னு எனக்குத் தெரியல.

அண்ணி அண்ணின்னு பரிதி அழுவுறது கேட்டுச்சு. பரிதி, பரிதின்னு கத்துனேன். பெறகு போன எடுத்தான்.

"சீட்டு சாஞ்சு வண்டி பின்னாலயே உருண்டு வயல்ல இறங்கிருச்சுண்ணே. அண்ணி காலு சீட்டுக்கு அடியில மாட்டிக்கிச்சு. இப்பதான் தூக்குனேன்."

"கால ஆட்டச் சொல்லுடா."

அண்ணி, கால ஆட்டுங்கங்கிறான். போன்ல மழைச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு.

"ஆடுதுண்ணே. வீங்கியிருக்கு, ஆனா ஆடுது."

போன அவ கையில குடுத்தான். எனக்குத் திட்ட வாய் வரல. வண்டி கெடந்துட்டுப் போவுது, தம்பி தோளப் புடிச்சுக்கிட்டு நடந்து வீட்டுக்குப் போ, போன மட்டும் வைக்காதன்னேன்.

சார்ஜ் கொஞ்சந்தாங்க இருக்குன்னா.

இருக்குறவரைக்கும் இருக்கட்டும், நீ நடன்னேன். சேத்துல ரெண்டு பேரும் கால எடுத்து வைக்கிற சத்தத்தக் கேட்டுக்கிட்டே நின்னேன்.