மறியலில் இருந்தவன் எழுதிய துண்டுப்பிரசுரம்

1.

பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்று பெற்றோருக்கு ஆலோசனை சொல்லும் தகுதி இந்தத் தீவில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. அது நான். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் கட்டுரை எழுதும் ஓய்வுபெற்ற அதிபர்கள் வருத்தப்படக் கூடாது. அவர்கள் பாடசாலையைக் காலை ஏழரையிலிருந்து பகல் ஒன்றரை வரைதான் அறிவார்கள். நான் நான்கு மணி வரை அறிவேன். கொட்டாஞ்சேனையில் உள்ள ஓர் அரசாங்கப் பாடசாலையில் (பெயர் வேண்டாம், இப்போதுதான் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்) ஆறாம் ஆண்டிலிருந்து பத்தாம் ஆண்டின் நடுப்பகுதி வரை, வகுப்பு முடிந்தபின் அறுநூற்றுப் பதினான்கு நாட்கள் மறித்து வைக்கப்பட்டவன் நான். எண்ணி வைத்திருக்கிறேன். இந்தச் சாதனையை இதுவரை எவரும் நெருங்கவில்லை.

இந்தக் கதை இலக்கிய தாகத்தால் பிறந்ததல்ல. எங்கள் பழைய மாணவர் சங்கம் ஒரு துண்டுப்பிரசுரம் கேட்டது. ஆறாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகள் குறைகிறார்களாம். ‘பெற்றோர் அறிய வேண்டியவை’ என்று இரண்டு பக்கம் எழுதித் தா, நீதானே கம்பஸில் எல்லாரையும் பகிடி பண்ணி எழுதுகிறாய், கொஞ்சம் நல்லதாகவும் எழுதிப் பார் என்றார்கள். பத்தாவது வரியில் கதவு தட்டப்பட்டது. அத்தோடு பிரசுரம் கெட்டு இப்படி ஆகிவிட்டது.

2.

முதலாவது தொடக்கம்: “கல்வி என்பது ஒரு”

(விட்டுவிட்டேன். இந்த வாக்கியத்தை முடித்தவர்கள் எல்லோரும் பொன்னாடையோடு மேடையில் இருந்தவர்கள்.)

இரண்டாவது தொடக்கம்: “எமது பாடசாலை நூற்றாண்டு கடந்த பாரம்பரியம்”

(பெற்றோருக்கு நூற்றாண்டு தேவையில்லை. இந்தத் தவணைக்குக் கணித ஆசிரியர் இருக்கிறாரா என்பது தேவை.)

மூன்றாவது: கதவைத் தட்டியது உஷாந்தி அக்கா.

இது பரவாயில்லை. தொடர்கிறேன்.

உஷாந்தி அக்கா எங்கள் தொடர்மாடியில் எங்களுக்கு நேர் கீழ் வீடு. வெள்ளவத்தையில், காலி வீதிப் புடைவைக் கடையொன்றில் வேலை. கணவர் கட்டாரில் இருப்பதாக ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. இப்போது யாரும் சொல்வதில்லை. மகள் யதுஷாவுக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சையில் பெரிய பாடசாலையின் வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்துவிட்டது. மிச்சம் இரண்டு வழி. ஒன்று, பத்து நிமிட நடையில் இருக்கும் எங்கள் பாடசாலை. மற்றது, அக்காவின் கடைக்கு அருகில் ஒரு பழைய வீட்டில் நடக்கும் சர்வதேசப் பாடசாலை. (சர்வதேசம் மேல்மாடியில் இருக்கிறது. கீழே பல் வைத்தியர்.) அங்கே ஓர் இடத்தை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு வரை யதுஷாவுக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அக்கா கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் நேர்மையாகப் பதில் சொன்னேன். கணிதத்துக்கு இருவர் உண்டு, ஒருவர் படிப்பிப்பார். மலசலகூடத்தில் தண்ணீர் பத்து மணி வரை வரும். ஆங்கில மொழிமூலம் பெயர்ப்பலகையில் இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பதென்றால் ஓ.எல். பரீட்சை முடிய வேறிடம் போகவேண்டும். ஒரு வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள்.

[மதிலில் கட்டியிருக்கும் பனரைப் பற்றியும் கேட்டார். எல்லாப் பெற்றோரும் அதன் முன்னால் நின்று ஒன்பது ஏ எடுத்தவர்களின் படங்களை எண்ணுவார்கள். போன வருடம் பதினொரு படம். அந்தப் பதினொரு பேரும் எத்தனை ரியூஷனுக்குப் போனார்கள் என்று போடப் பனரில் இடம் காணாது.]

அக்கா ஒவ்வொன்றாகச் சரி அடையாளம் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் என் சாதனையைச் சொன்னேன். என் சுழல்கதிரையில் சுற்றிக்கொண்டிருந்த யதுஷா, சுற்றுவதை நிறுத்தினாள்.

“அப்ப அங்க பிள்ளையளை ஒவ்வொரு நாளும் மறிச்சு வைப்பினமோ, தம்பி?”

“குற்றம் செய்தால்தான், அக்கா.”

“நீ என்ன குற்றம் செய்தனி?”

“பென்சில் சீவின விதம் பிழையாம்.”

அக்கா கொப்பியை மூடினார். பென்சிலுக்காகப் பிள்ளையை அறுநூறு நாள் மறித்து வைக்கிற இடத்துக்குத் தன் மகளை அனுப்ப ஏலாது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, யதுஷாவைக் கதிரையிலிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு போனார். இவ்வாறாக, பிள்ளைகளைச் சேர்க்கும் பணியின் முதல் நாளிலேயே ஒரு பிள்ளையைக் குறைத்துக் கொடுத்தேன்.

3.

இந்த இடத்தில் ஜெஸீமா டீச்சரைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நம்பமாட்டீர்கள்.

வரலாறு படிப்பித்தார், நூலகத்துக்கும் அவரே பொறுப்பு. என்னை மறித்து வைத்தவர் அவர்தான். நான் மட்டுமல்ல, ஏழெட்டுப் பேர் நிரந்தரக் கைதிகள் இருந்தோம். என் வகுப்பில் றெஜியும் இப்ஹாமும். றெஜியின் குற்றம், ஒரு சப்பாத்து லேஸ் மற்றதைவிட நீளம். இப்ஹாம் காலைக்கூட்டத்தில் தும்மியவன். தண்டனை எல்லோருக்கும் ஒன்று. நூலகத்தில் நான்கு மணி வரை இருந்து வீட்டுவேலை செய்து முடிக்க வேண்டும். இடையில் ஒரு மாலு பாணும் பிளேன்ரீயும் கட்டாயம். மீன் பிடிக்காது என்று சொல்லிப் பார்த்த றெஜிக்கு முட்டை வைத்த பாண் வந்தது. தப்ப முடியவில்லை.

பத்தாம் ஆண்டின் இரண்டாம் தவணையில் ஒருநாள், “நீ திருந்திட்டாய், போ,” என்றார். நான் பென்சிலை அதே மாதிரித்தான் சீவிக்கொண்டிருந்தேன்.

உயர்தரம் படிக்கும்போது ‘ஜெஸீமா நீதிமன்றம்’ என்ற தலைப்பில் சுவர்ச் சஞ்சிகைக்கு எழுதினேன். ஒரு பிள்ளை சந்தோஷமாக வீட்டுக்குப் போவதைக் கண்ணால் பார்க்கப் பொறுக்காத நீதிபதி ஒருவர், தும்மலுக்கு ஆயுள்தண்டனை கொடுக்கிறார். பாடசாலையே சிரித்தது. டீச்சர் ஒட்டுவதற்கு முன் அதை வாங்கி வாசித்தார். இரண்டு காற்புள்ளிகளை வெட்டினார். தன் கையாலேயே ஒட்டினார்.

(இந்தப் பாத்திரம் மிகை என்று யாராவது ஓரத்தில் எழுதினால் நான் கோபிக்கமாட்டேன். எனக்கும் புதன்கிழமை வரை அப்படித்தான் இருந்தது.)

4.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிய ஆறாம் ஆண்டுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் தவணை தொடங்குமுன் ஒருதரம் போவார். கொட்டாஞ்சேனை முழுவதும் இதைத் தவறாகத்தான் விளங்கி வைத்திருக்கிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்ற கணக்கில் புதுத் திரைச்சீலை போடுவார்கள், பற்றிஸும் ரோல்ஸும் அடுக்குவார்கள், சான்றிதழ்களை மேசையில் விசிறி மாதிரி விரிப்பார்கள். விண்ணப்பம் கொடுத்த நாளிலேயே யதுஷாவின் பெயரும் பட்டியலில் ஏறியிருந்ததால், உஷாந்தி அக்காவும் அரைநாள் லீவு போட்டு இதையெல்லாம் செய்தார். போகப்போகாத பாடசாலைக்கும் மரியாதை வேண்டும் என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டுக் கதிரைகள் இரண்டைக் கேட்டு அனுப்பினார். கொண்டுபோன நான், ஒன்றில் இருந்துவிட்டேன்.

டீச்சர் திரைச்சீலையைப் பார்க்கவில்லை. சான்றிதழ்களுக்கு மேலேயே கைப்பையை வைத்தார். ஒரு ரோல்ஸை ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டார்.

“ரெண்டு மணிக்கி வீட்டில ஆரு ஈக்கிற?”

அக்கா இதைச் சரியான விடை உள்ள கேள்வி என்று நினைத்தார். அக்கம்பக்கம் நல்லது, மேல்வீட்டுத் தம்பி இருக்கிறார், கீழே செக்யூரிட்டி இருக்கிறார் என்று அடுக்கினார். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அதே கேள்வியை அதே குரலில் திரும்பக் கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை, டீச்சர்,” என்றார் அக்கா. “நான் கடை முடிஞ்சு வர ஏழரை ஆகும். வெள்ளவத்தையில சேர்த்தா, பள்ளிக்கூடம் விட்டோடன கடையில எனக்குப் பக்கத்தில இருத்தி வைக்கலாம் எண்டுதான்...”

ஞாயிற்றுக்கிழமை கொப்பியில் பதினாறு கேள்விகள் இருந்தன. இது இருக்கவில்லை.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சிறிய கொப்பியை எடுத்து ஏதோ குறித்தார். அக்கா என்னைக் காட்டி, இவர் அங்கே அறுநூறு நாள் மறியலில் இருந்தவராமே என்று கேட்டார். டீச்சர் யதுஷாவிடம், மேலே போய் இவருடைய அம்மா வந்துவிட்டாரா என்று பார்த்துவரச் சொன்னார். அவள் படியேறும் சத்தம் கேட்கும் வரை பொறுத்திருந்தார்.

“உமாசுதன், நீ ஆறாம் ஆண்டுல ஈக்கக்கொள்ள ரெண்டு மணிக்கி ஒன்ட வீட்டில ஆரு இருந்த?”

“ஒருத்தரும் இல்லை, டீச்சர்.” அம்மா அப்போது தெமட்டகொடையில் தையல் தொழிற்சாலையில். வர ஆறு மணியாகும்.

“றெஜிட வீட்டில?”

றெஜியின் அம்மா குவைத்தில் இருந்தார். அப்பா துறைமுகத்தில்.

“இப்ஹாம்ட?”

இப்ஹாமின் வீட்டிலும் ஆளில்லை. காலைக்கூட்டத்தில் நாளுக்கு இருபது பேர் தும்முவார்கள்.

5.

பத்தாம் ஆண்டின் இரண்டாம் தவணையில் அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட் கிடைத்தது. ஒன்றரைக்கு வீட்டில் சோறு சூடாக இருந்தது. நான் திருந்தியது அந்த வாரம்.

“பாவமெண்டு செல்லி வெச்சா புள்ளகள் நிக்காது,” என்றார் டீச்சர், அக்காவைப் பார்த்து. “மத்தப் புள்ளகள் ஒரு மாதிரிப் பாக்கும். குத்தமெண்டா பெருமையா நிக்கும். இவர் எண்ணியெலாம் வெச்சீக்கிறார்.”

அம்மாவிடம் கேட்டுத்தான் வைத்தாராம். அம்மா ஒப்பமும் போட்டாராம். நான் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து அன்றைய தீர்ப்பைச் சொல்லிப் பெருமையடிக்கும்போது அம்மா குசினி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். கோபம் என்று நினைத்திருந்தேன்.

“டீச்சர், அந்தச் சுவர்ச் சஞ்சிகையில நான்”

(இதையும் முடிக்கவில்லை. தொடக்கங்களை முடிக்காமல் விடுவதற்குக் காரணம் சொல்லலாம். இதற்கு வேறு காரணம்.)

“நல்லாத்தான் எழுதியிருந்த,” என்றார். “கமாதான் கூட.”

பிறகு அக்காவிடம் தன் சிக்கலைச் சொன்னார். கணவருக்குச் சுகமில்லை. செவ்வாயும் வியாழனும் பகல் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மற்ற மூன்று நாளும் பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், அந்த இரண்டு நாளுக்கும் வாக்குத் தர ஏலாது என்றும், பொய் சொல்லிப் பிள்ளையை எடுக்க விருப்பமில்லை என்றும் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

யதுஷா திரும்பி வந்தாள். டீச்சர் அவளுடைய பென்சிலைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இப்பிடியா சீவுற, மகள்?”

6.

முடிவுகள். விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம்.

(அ) வெள்ளிக்கிழமை அக்கா வெள்ளவத்தைக்கு ஓம் சொல்கிறார். கட்டணத்துக்காக ஞாயிறும் வேலைக்குப் போகிறார். யதுஷா புடைவைகளுக்கு நடுவில் இருந்து வீட்டுவேலை செய்கிறாள். பன்னிரண்டு வகைச் சிவப்புக்கும் பெயர் தெரிகிறது.

(ஆ) பழைய மாணவர் சங்கம் இதற்கென ஓர் உபகுழு அமைக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், இரண்டு போஷகர்கள். போதிய ஆள் வராமல், கூட்டம் கோரமின்றி ஒத்திவைக்கப்படுகிறது.

(இ) யதுஷா எங்கள் பாடசாலையில் சேர்கிறாள். செவ்வாயும் வியாழனும் கதவைத் திறக்கும் திறப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆளில்லாத வீட்டுக்கு வருகிறாள். டீச்சர் என்னை முதல் நாள் மறிப்பதற்கு முன் மூன்று வாரம் நானும் அப்படி வந்தவன். உள்ளே ஆளிருக்கிறது என்று பக்கத்து வீடுகள் நினைக்கட்டுமென்று ரேடியோவைச் சத்தமாகப் போடுவேன். பாணை நின்றபடியே சாப்பிடுவேன். கதிரையில் இருந்தால் கதவுக்கு முதுகு காட்ட வேண்டி வரும். பிறகு

இந்த முடிவை என்னால் எழுத ஏலாது.

சங்கத்துக்கு என் பிரசுரத்தை அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கம் கேட்டார்கள். ஒரு வரி கொடுத்தேன்: “பெற்றோரே, பனரை எண்ணுங்கள், தண்ணீரைத் திறந்து பாருங்கள், ஆனால் எந்தப் பாடசாலைக்குப் போனாலும், வகுப்பு விட்டபின் உங்கள் பிள்ளை எங்கே போகிறது என்று அங்கே யாருக்காவது தெரியுமா என்று கேளுங்கள்.” மிச்ச இடத்தில் ஒன்பது ஏ படங்களைப் போடப்போகிறார்களாம்.

7.

தவணை தொடங்கிவிட்டது. இன்று செவ்வாய்க்கிழமை, இரண்டு இருபது. யதுஷா எங்கள் பாடசாலையின் வெள்ளைச் சீருடையோடு என் மேசையில் இருக்கிறாள். டீச்சர் வந்துபோன மறுநாள், வியாழக்கிழமை காலை, அவள் தன் பழைய பாடசாலையில் இருந்த நேரம் பார்த்து, அக்கா கடைக்குப் புறப்படுமுன் நான் கீழே போய் உஷாந்தி அக்காவோடு கதைத்தேன். ஐந்து நிமிடக் கதை. இங்கே எழுதப்போவதில்லை.

யதுஷாவின் குற்றம், என் சுழல்கதிரையைச் சுற்றி அதன் திருகாணியைத் தளர்த்தியது. (திருகாணியைத் தளர்த்தியவன் நான்.) தண்டனை, வாரத்தில் இரண்டு நாள் நான்கு மணி வரை என் வீட்டில் இருந்து, தன் வீட்டுவேலையை முடித்தபின், என் கதைகளில் பிழை பார்க்க வேண்டும். நான்குக்குப் பிறகு அம்மா வேலையால் வந்துவிடுவார்; எல்லா நாளும் அக்கா வரும் ஏழரை வரை அவள் அம்மாவோடு. அம்மாவின் குசினியில் அவளுக்கு வழக்கு ஏதும் இல்லை.

“இது அநியாயம், அண்ணா. நான் ரெண்டு தரம்தான் சுத்தினனான்.”

மேன்முறையீடு கிடையாது என்றேன். அவள் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். இரண்டு பேர் தங்களையும் மறிக்க முடியுமா என்று கேட்டார்களாம்.

இந்தக் கதையின் முதல் மூன்று பகுதிகளை மட்டும், அவளுடைய அப்பாவைப் பற்றிய வரிகளை எடுத்துவிட்டு, அவளிடம் கொடுத்திருக்கிறேன். சிவப்புப் பேனையால் எட்டுப் பிழை பிடித்துவிட்டாள். மூன்றாம் பகுதியின் கீழே, கோடு போட்டு, இப்படி எழுதியிருக்கிறாள்: “இந்த டீச்சர் சரியான கூடாதவ. முடிவில அவவுக்கு நல்ல பாடம் படிப்பிக்கவேணும்.” என்ன பாடம் என்று முடிவை நீயே எழுது என்று பேனையை அவளிடமே விட்டிருக்கிறேன். அவளுக்கு ஐந்தாறு வருடம் அவகாசம் உண்டு.

நீங்கள் நான்கையும் ஐந்தையும் வாசித்துவிட்டீர்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்து, வழியில் அவளைக் கண்டு, கதைகதையாக உங்களிடம் முறையிட்டாளென்றால், என்னை நன்றாகத் திட்டுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதீர்கள்.